சட்டத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு நீதிமன்றம் எப்படிப் பொருள் காண்கிறது?

தோட்டத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் இன்னும் 'தொழிலாளி'தானா? இலங்கையின் மலையகத்தில் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு.

அந்தச் சட்டமே சொல்லுக்கு விளக்கம் தந்திருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், 48ஆம் பிரிவில், வேலை இழந்தவரையும் 'தொழிலாளி' என்பதற்குள் சேர்க்கிறது. சேர்க்காவிட்டால் வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு அவர் போகவே முடியாதே! மிக அவசியமான வரி அது.

விளக்கம் இல்லையென்றால் வழக்கமான பொருள். அதிலும் சந்தேகம் வந்தால், சுற்றியுள்ள வரிகளையும் சட்டத்தின் நோக்கத்தையும் பார்ப்பார்கள். கங்காணி "இலை எடுங்க" என்றால் யாரும் முற்றலைக் கிள்ளுவதில்லை. எதற்காகச் சொன்னார் என்பது தெரியும், அதுபோலத்தான்.

நீதிபதி தனக்கு நியாயமாகப் படும் பொருளைக் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சொற்கள் தெளிவாக இருந்தால் அவரால் மாற்ற முடியாது, அது பாராளுமன்றத்தின் வேலை.