'டக் டக்' என்கிறது ஹார்ட் டிஸ்க்: எதை வாங்கி மாட்டுவது?

கேள்வி: என் லேப்டாப்பில் இருப்பது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சில நாளாக 'டக், டக்' என்று சத்தம். ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது. மாற்றினால் ஹார்ட் டிஸ்க்கே வாங்குவதா, எஸ்எஸ்டியா (சிப்பில் சேமிக்கும் டிரைவ்)? 7 மி.மீ., 9.5 மி.மீ. என்கிறார்களே, எது பொருந்தும்?

பதில்: வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்க்கின் சுழலும் தட்டில் உள்ளதைப் படிக்க முடியாமல் ஹெட் (படிக்கும் முனை) திரும்பத் திரும்ப முயல்வதால் வருகிற சத்தம் அது. டிஸ்க் எந்த நேரமும் அடியோடு நின்றுவிடலாம். விண்டோஸில் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் 'செக்டிஸ்க்' ஓட்டிப் பார்க்காதீர்கள். பழுதான டிஸ்க்கை அது மேலும் வேலை வாங்கும், அதிலேயே திருத்தி எழுதவும் செய்யும். போட்டோ, ஆவணங்கள் முதலில், மற்றவை பிறகு. ஒரு ஃபைலில் காப்பி சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இழக்கவே கூடாத ஃபைல்கள் என்றால், உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதே சரி.

வாங்க வேண்டியது எஸ்எஸ்டிதான், இதில் யோசனையே வேண்டாம். 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கின் தட்டு ஒருமுறை சுற்றவே 11 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தட்டு சுற்றி வரும்வரை காத்திருப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. லேப்டாப்பில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வகை, வேகம் குறைந்த பழைய சாட்டா 2 ஆக இருந்தாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அளவுக்கு, பழைய டிஸ்க்கைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மி.மீ. தடிமன். 9.5 மி.மீ. இடத்தில் அது தாராளமாகப் போகும், ஆனால் ஆடும். கனெக்டர் தளர்ந்து டிஸ்க் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். 2.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் சட்டம்) ஒட்டினால் போதும். பழைய ஸ்க்ரூக்களையே போடுங்கள், நீளமானவை உள்ளே போர்டைக் குத்தும்.

கொள்ளளவில் ஒரு பொறி இருக்கிறது. 480 ஜிபி எஸ்எஸ்டி உங்கள் 500 ஜிபி டிஸ்க்கைவிடச் சிறியது, டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கும் பல குளோன் மென்பொருள்கள் அதை மறுத்துவிடும். பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதி) சுருக்கலாம், ஆனால் நோயாளி டிஸ்க்கில் அந்த வேலை வேண்டாம். உங்கள் நிலையில் குளோனை விட்டுவிட்டு, புதிதாக விண்டோஸ் ஏற்றி ஃபைல்களைத் திருப்பிப் போடுவதே நல்லது.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) தெரியவே இல்லை. எஸ்எஸ்டி கெட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் இப்படித்தான் ஆகும். லேப்டாப் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஸ்லாட் எந்த வகை என்று பாருங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதையும் சரிபார்த்த பிறகே மாற்றுங்கள்.

கேள்வி: குளோன் முடிந்தது, எஸ்எஸ்டி பயாஸில் தெரிகிறது, ஆனாலும் விண்டோஸ் எழவில்லை.

பதில்: சி டிரைவை மட்டும் குளோன் செய்திருப்பீர்கள். பூட் ஃபைல்கள் இருக்கும் சிறிய பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்யுங்கள். அப்போதும் எழாவிட்டால் பயாஸில் பூட் முறையைப் பாருங்கள்: டிஸ்க்கைப் பிரித்திருக்கும் முறை புதிய ஜிபிடி என்றால் யூஇஎஃப்ஐ, பழைய எம்பிஆர் என்றால் லெகஸி.