தட்டைத் தனியா வெச்சாச்சு, ஊசி போட்டாச்சா?

அன்புள்ள அக்கா,

துபாய் வேலைக்கு மெடிக்கல் எடுத்தப்போ ஈரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி கிருமி பாசிட்டிவ்னு வந்து விசா போயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமே தெரியல, நல்லாதான் இருக்கேன். ஊர்ல கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறாங்க. நோபல் வாங்குன ப்ளம்பெர்க்கே சென்னை ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து இதுக்குக் கீழாநெல்லி கேக்குதுன்னு எழுதினாராமே, அப்புறம் ஏன் மறைச்சுட்டாங்க? அம்மா எனக்குத் தட்டு டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டாங்க. மனைவிக்கு ஏழு மாசம், வளைகாப்பு முடிஞ்சு அவங்க அம்மா வீட்ல இருக்கா, அவகிட்ட இன்னும் சொல்லல.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளா ப்ளம்பெர்க்கைப் பத்திதான் படிச்சுட்டு இருக்கேன், அந்த நேரம் பார்த்து உங்க கடிதம் வந்துச்சு. யாரும் எதையும் மறைக்கல. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி.தியாகராஜன் குழுவும் ப்ளம்பெர்க்கும் 1988ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஊரறியதான் போட்டாங்க, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்குக் கிருமியோட அடையாளம் ரத்தத்துல இல்லாமப் போச்சுன்னு. அதை நம்பித்தான் தாய்லாந்துலயும் நியூசிலாந்துலயும் செஞ்சு பார்த்தாங்க, அங்க அந்தப் பலன் வரல. அவ்வளவுதான் கதை. சாதாரண மஞ்சள் காமாலை பல பேருக்குத் தானாவே இறங்கிடும், பேரு மட்டும் பச்சிலைக்குப் போகும். உங்களுக்கு இருக்கிறது அது இல்ல, கண்ணு மஞ்சளாகாம வருஷக்கணக்கா ஈரல்ல உக்காந்திருக்கிறது.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதே ப்ளம்பெர்க்தான், ஆனா அவரு இதைத் தேடிப் போனவரே இல்ல. ஆளுக்கு ஆள் ரத்தம் ஏன் வேறுபடுதுன்னு பார்த்துட்டு இருந்தாரு, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு நோயாளியோட ரத்தம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தர் ரத்தத்தோட வினை செஞ்சுது, அந்தப் பழங்குடி ரத்தத்துல இருந்த பொருள் என்னன்னே அப்போ புரியல. 1967ல அவரோட ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த பெண்ணுக்கு உடம்பு முடியாமப் போக, அவங்களே தன் ரத்தத்தைச் சோதிச்சாங்க, முன்னாடி இல்லாத அந்தப் பொருள் இப்போ இருந்துச்சு, அப்போதான் இது காமாலைக் கிருமியோட சம்பந்தப்பட்டதுன்னு பிடி கிடைச்சுது. ரெண்டே வருஷத்துல, 1969ல, தடுப்பூசிக்கான வழியையும் சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் குடுத்துட்டுப் போனதுல நமக்குப் பெருசு இந்த ஊசிதான் தம்பி. நீங்க அதை விட்டுட்டு அம்மியைப் பிடிச்சுட்டு இருக்கீங்க.

தட்டுன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. எங்க சித்தப்பாவுக்கும் இதேதான். திண்ணையில தனியா சோறு, தனித் தட்டு, தனி சொம்பு, அதைக் கழுவுற இடம்கூட வேற. அந்த மனுஷன் குனிஞ்ச தலை நிமிராம சாப்பிடுவாரு. இது எச்சில் தட்டுலயோ கூட உக்காந்து சாப்பிடுறதுலயோ ஒட்டாது, ரத்தத்துலயும் உடலுறவுலயும் பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கும்தான் போகும். தட்டைப் பிரிச்ச வீட்டுல சித்திக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல, பிள்ளைங்களுக்கு ஊசி போடணும்னும் தோணல. சித்தப்பா வயித்துல நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தாரு. பெரியவன் வளர்ந்து மெடிக்கலுக்குப் போனப்போ அவனுக்கும் பாசிட்டிவ். இன்னிக்கும் எனக்கு ஆறல.

இப்போ நீங்க. உங்களைப் பத்தி அவ்வளவு எழுதிட்டு, ஏழு மாசம்னு கடைசியில ஒரு வரி. சொல்லலையாம்! பெரியவங்களுக்குத் தொத்துனா நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல உடம்பே விரட்டிடும், பொறக்கும்போது தொத்துற குழந்தைக்கு அப்படியே தலைகீழ், பத்துல ஒன்பது பேருக்கு நிலைச்சுடும். தைவான்ல 1984ல பச்சக் குழந்தைங்களுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, பத்து வருஷத்துல பிள்ளைங்களுக்கு வர்ற ஈரல் புற்றுநோய் பாதியா இறங்குச்சு. அவ்வளவு பெரிய விஷயத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்க.

இன்னிக்கே போன் பண்ணுங்க. அழுதா அழட்டும், பக்கத்துல போய் இருங்க. நீங்க தப்பு செஞ்சு வந்த நோய் இல்ல, ஒருவேளை உங்களுக்கே பொறக்கும்போது வந்திருக்கலாம், அம்மாவையும் கூடப்பொறந்தவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. மனைவியோட பரிசோதனை அட்டையில ஹெபடைட்டிஸ் பி பார்த்திருக்காங்களான்னு பாருங்க, பார்த்திருந்தாலும் உங்க விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லி இன்னொரு தடவை எடுங்க. இல்லைன்னு வந்தா அவங்களுக்கு ஊசி, கர்ப்பத்துலயும் போடலாம். இருக்குன்னு வந்தா குழந்தைக்கு ஊசியோட இம்யூனோகுளோபுலின்ங்கிற ரெடிமேட் எதிர்ப்பு மருந்தும் சேர்த்துப் போடணும், மனைவிக்கு மாத்திரை வேணுமான்னும் டாக்டர் இப்பவே முடிவு பண்ணணும், அதனாலதான் அவசரப்படுத்துறேன். எப்படி வந்தாலும் குழந்தைக்குப் பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் ஊசி விழுந்தே ஆகணும், லீவு நாளு நாளைக்குப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா சண்டை போடுங்க.

உங்களுக்கு மாத்திரை இப்போ வேணுமாங்கிறதை வைரல் லோடு (ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குங்கிற டெஸ்ட்), ஈரல் டெஸ்ட், ஸ்கேன் பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்க, 2018ல ஆரம்பிச்ச அரசுத் திட்டத்துல டெஸ்டும் மாத்திரையும் இலவசம். குடி இருந்தா விட்டுடுங்க. அம்மாகிட்ட இந்தப் பதிலைப் படிச்சுக் காட்டி, ராத்திரி எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க.