ஸ்பெஷலிஸ்ட் ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு மேப் போடுறாங்களே, அது என்ன?

சிம்பிளா சொன்னா, ஒரு ஊர்ல இருக்கறவங்க இதயம், மூளை மாதிரி பெரிய வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும்னு கலர் கலரா காட்டுற மேப். கிலோமீட்டர் இல்ல, நேரம், அதான் விஷயமே.

ஏன்னா ஸ்ட்ரோக் வந்தா ரத்தக்கட்டியக் கரைக்கற ஊசிய பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுவும் முதல்ல ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுதான்.

ஆத்துக்கு அக்கரையில இருக்கற கடை கண்ணுக்குத் தெரியும், ஆனா பாலம் சுத்தித்தானே போகணும், அதே கணக்குதான். வால்பாறைய எடுத்துக்கோங்க, பொள்ளாச்சி நேர்கோட்டுல 40 கிலோமீட்டருக்குள்ளதான், ரோட்டுல போனா 65 கிட்ட வரும், அதுலயும் 40 கொண்டை ஊசி வளைவு, அங்கருந்து கோயம்புத்தூருக்கு இன்னொரு 40. மழையில, யானை ரோட்டுல நின்னுட்டா, ஆம்புலன்ஸ் என்ன பண்ணும் சொல்லுங்க.

மேப் போடறவங்க ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு வேகம் குடுத்து (மலை ரோடுன்னா கம்மி), ஆஸ்பத்திரில இருந்து ஒரு மணி, ரெண்டு மணி எல்லைய வரைஞ்சு, அதுக்கு வெளிய எத்தனை பேர் வாழறாங்கன்னு எண்ணுவாங்க. இதுல எனக்கு ஒரு குறை, வண்டி ரெடியா வாசல்ல நிக்குதுன்னு வெச்சுதான் பெரும்பாலும் கணக்கு போடுறாங்க, தேயிலை எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லைன் வீட்டுல ராத்திரி ஒரு மணிக்கு வண்டி ஏது?

அப்புறம், மாவட்டத்துல மெடிக்கல் காலேஜ் இருந்தா எல்லாருக்கும் பக்கம்னு நெனைக்கறது தப்பு, வால்பாறையும் கோயம்புத்தூர் மாவட்டம்தான்.