சூரியனை ஆராயும் விண்கலங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

எனக்கு சோஹோ. மென்பொருள் நிறுவனத்தைச் சொல்லவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய விண்கலம். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற புள்ளியைச் சுற்றி வருகிறது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, விண்கலத்தைப் பூமியோடு கூடவே நகர வைக்கும் இடம் அது. நம் ஆதித்யா-எல்1 இருப்பதும் அதே வட்டாரத்தில்தான்.

அதிலுள்ள லாஸ்கோ கருவி, நடுவில் ஒரு தட்டை வைத்துச் சூரியனை மறைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும். கண் கூசும்போது நாம் உள்ளங்கையால் வெயிலை மறைப்போமே, அது மாதிரி. அந்தக் கருவியிலுள்ள சி3 தொலைநோக்கியின் நீலப் படங்களை மே 20-ஐ ஒட்டிப் பாருங்கள். தட்டுக்கு மேலே ஒரு சின்னக் கொத்தாகப் புள்ளிகள், நாளுக்கு நாள் இடமிருந்து வலமாக நகரும். அது கார்த்திகை! சூரியன் கார்த்திகையை ஒட்டி வரும் நாட்களைத்தானே அக்னி நட்சத்திரம் என்கிறோம்? பஞ்சாங்கத்தில் படித்திருக்கிறேன். ஆனால் கத்திரி வெயிலில் வானத்தில் அந்த நட்சத்திரத்தை யார் பார்க்க முடியும்? படத்தில் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பகல்லயா? சூரியனுக்குப் பக்கத்துலயா?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் படம் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். 1998 ஜூனில் வழக்கமான பராமரிப்பின்போது நடந்த கட்டளைப் பிழைகளால் சோஹோ நிலை தடுமாறிச் சுழன்றது. சூரியத் தகடுகளில் வெயில் படவில்லை, மின்சாரம் போனது, தொடர்பும் போனது. ஜூலை 23 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, எதிரொலியை கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவில் பிடித்து, அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று லேசாக ஒரு சமிக்ஞை வந்தது. எரிபொருளான ஹைட்ரசீனோ உறைந்து கிடந்தது. கிடைத்த கொஞ்ச மின்சாரத்தில் முதலில் தொட்டியை, அப்புறம் குழாய்களை என்று வாரக்கணக்கில் பொறுமையாக உருக்கினார்கள். செப்டம்பர் 16 அன்று விண்கலம் மறுபடியும் சூரியன் பக்கம் திரும்பியது.

லாஸ்கோவின் மூன்று தொலைநோக்கிகளில் சி1 அதற்கு அப்புறம் வேலை செய்யவில்லை. அந்த டிசம்பரிலேயே விண்கலம் எப்படித் திரும்புகிறது என்று உணரும் கைரோஸ்கோப்களில் கடைசியானதும் போனது. கைரோவே இல்லாமல் ஓட்டுவதற்குப் புது மென்பொருள் எழுதி, இங்கிருந்தே அனுப்பி ஏற்றினார்கள். அம்மா பார்த்த கார்த்திகை, அப்படி ஓடிக்கொண்டிருக்கும் சோஹோ எடுத்தது.