வாசகர் கேள்விகள்: கழிவறைக் கதவும் மாநிலச் சட்டமும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு காப்பிக் கடையின் கழிவறைக் கதவில் வட்டத்தின்மேல் முக்கோணம் பதித்திருந்தார்கள். ஆண், பெண் யாரும் போகலாம் என்றாள் மகள். டெக்சசில் வசிக்கும் என் தம்பியோ, அவர் மாநிலத்தில் யார் எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்பதற்கே கெடுபிடியான சட்டம் வந்துவிட்டது என்கிறார். ஒரே நாட்டில் இது எப்படி?
– வாசகி ஒருவர், உட்லண்ட்ஸ்

பதில்: அமெரிக்காவில் கட்டட விதிகளும் பொதுச் சுகாதாரமும் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பில் இருப்பதால், கழிவறை விவகாரமும் மாநிலச் சட்டமன்றத்துக்கே போகிறது. இது இன்று நேற்று வந்ததன்று. ஆலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1887-இல் சட்டம் இயற்றியது. 1920-க்குள் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் சென்றன. அந்தச் சட்டங்கள் முதலாளியின்மீது ஒரு கடமையைச் சுமத்தினவே தவிர, உள்ளே நுழைபவர் யார் என்று விசாரிக்கவில்லை.

நீங்கள் பார்த்த சின்னம் கலிஃபோர்னியக் கட்டட விதிகளில் உள்ளது. ஆண்களுக்கு முக்கோணம், பெண்களுக்கு வட்டம், பொதுவானதற்கு வட்டத்தின்மேல் முக்கோணம். பார்வை மங்கியவரும் கண்டுகொள்ளும்படி, 12 அங்குல அளவில், கதவின் நிறத்துக்கு எடுப்பான வேறு நிறத்தில் அவை இருக்க வேண்டும். 2016-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட்டு, 2017 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், ஒருவர் மட்டும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்ளும் கழிவறை கடையில் இருந்தாலும் அரசு அலுவலகத்தில் இருந்தாலும், அதை ஒரு பாலினத்துக்கு மட்டும் ஒதுக்கக் கூடாது என்கிறது. பல அறைகள் வரிசையாக உள்ள பெரிய கழிவறைகளை அது தொடவில்லை. இல்லினாய் மாநிலத்திலும் 2020 முதல் இதே விதிதான். பலகையை மாற்றினால் சட்டம் கேட்பது நிறைவேறிவிடும். ஆய்வாளரும் கதவைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

உங்கள் தம்பி சொல்வது வேறு வகைச் சட்டம். அது கதவை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறது. வட கரோலைனா 2016 மார்ச் 23 அன்று, ஒரே நாள் சிறப்புக் கூட்டத்தில், அரசுக் கட்டடங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் குறித்துள்ள பாலினத்துக்குரிய கழிவறையையே ஒருவர் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மீறினால் என்ன தண்டனை, யார் சோதிப்பது என்பதெல்லாம் அதில் இல்லை. பிறப்புச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா கழிவறைக்குப் போகிறோம்? இச்சட்டத்தை எதிர்த்து, பேபால் நிறுவனம் அங்கு உருவாக்கவிருந்த 400 வேலைகளைக் கைவிட்டது. கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ தன் 2017 நட்சத்திர ஆட்டத்தை ஷார்லட் நகரிலிருந்து நியூ ஆர்லியன்சுக்கு மாற்றியது. மறு ஆண்டு மார்ச்சிலேயே அந்தக் கழிவறை விதி நீக்கப்பட்டது.

பின்னர் வந்தவர்கள் தண்டனையைச் சேர்த்துக்கொண்டார்கள். புளோரிடாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுக் கட்டடத்தில் எதிர்ப்பாலினத்தாரின் கழிவறையிலிருந்து வெளியேறச் சொல்லியும் மறுப்பவர்மீது அத்துமீறல் குற்றம் சாட்டலாம். டெக்சசில் 2025 டிசம்பர் 4 முதல் நடப்பிலுள்ள சட்டம் தனி ஆளை விட்டு, கட்டடத்தை நடத்தும் அரசு அமைப்பைப் பிடிக்கிறது: முதல் மீறலுக்கு 25,000 டாலர், அடுத்ததற்கு 125,000 டாலர். இவ்வளவு பெரிய தொகை தலைமேல் தொங்கும்போது, வாசலில் நிற்கும் ஊழியர் யாரைச் சந்தேகிப்பார்? திருநங்கைகளை மட்டுமல்ல; உயரமாக, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வரும் எந்தப் பெண்ணையும்தான். முதல் வகைச் சட்டமே செம்மையானது என்பது என் கருத்து.

கேள்வி: சிங்கப்பூருக்கு, யார் எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்று ஒரு சட்டம் வேண்டாமா? பெண்களின் பாதுகாப்பு என்னாவது?
– வாசகர் ஒருவர், அங் மோ கியோ

பதில்: பாதுகாப்புக்கு இங்கே வேறு சட்டம் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தண்டனைச் சட்டத் திருத்தம், அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஈராண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி எல்லாம் உண்டு. செய்தவர் ஆணா பெண்ணா என்பதை அது பார்ப்பதில்லை, செயலைத்தான் பார்க்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொதுவான கழிவறை என்பதும் நமக்கு அந்நியமன்று. பேரங்காடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் தாத்தாவைப் பாட்டியோ பணிப்பெண்ணோ தள்ளிக்கொண்டு போகும் அந்த அகன்ற தனி அறை, கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதித்தொகுப்பின்படி இருபாலருக்கும் உரியது. அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி: நாடக இடைவேளையில் பெண்கள் கழிவறையின் முன்னால் மட்டும் வரிசை நீள்கிறதே, அதற்குச் சட்டம் எங்காவது உண்டா?
– வாசகி ஒருவர், ஜூரோங்

பதில்: நியூயார்க் நகரில் உண்டு. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்ற கணக்கில் கழிப்பிடங்கள் இருக்க வேண்டும் என்று 2005-இல் அந்நகர மன்றம் விதித்தது. சிறுநீர்த் தொட்டிகள் குறைந்த இடத்தில் அடங்குவதால், இரு பக்கமும் சம பரப்பு ஒதுக்கினாலும் பெண்களுக்குக் கிடைப்பது குறைவு. சேலை கட்டி வந்தவருக்கு நேரமும் கூடுதலாகும். புதிதாகக் கட்டும் அரங்குகளுக்கும், பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் அரங்குகளுக்குமே அவ்விதி பொருந்தும். பழைய அரங்குகளில் வரிசை வரிசைதான்.