ஒரிஜின் இல்லாவிட்டால் வரைபடம் போட முடியாதா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்கு ஒரிஜின் மென்பொருளில்தான் வரைபடம் போட வேண்டும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. விடுதி நண்பன் பென்டிரைவில் உரிமப் பூட்டை உடைத்த கிராக் பிரதி தருகிறேன் என்கிறான். என்னுடையது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். எக்செல் போதுமா? மின்தேக்கி மின்னிறக்க அளவீடுகளையும் நான் போட்ட வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன்.
– மாணவர், கோவில்பட்டி

பதில்: தம்பி, முதலில் அந்த பென்டிரைவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிராக் பிரதியோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. புராஜெக்ட் அறிக்கை இருக்கும் லேப்டாப்பில் அதைப் போடவே கூடாது. ஒரிஜின் நல்ல மென்பொருள்தான், அதை மறுக்கவில்லை. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவிலும் நிறமாலையிலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் முகடுகளைப் பிரித்தெடுக்க ஆராய்ச்சி மாணவர்கள் அதை நம்பியிருக்கிறார்கள். உங்கள் துறையில் உரிமம் பெற்ற கணினி இருந்தால் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய அளவீடுகளுக்கு அது தேவையில்லை.

அந்த அளவீடுகளைப் பார்ப்போம். 1000 மைக்ரோபேரட் மின்தேக்கி, 47 கிலோஓம் மின்தடை, 12 வோல்ட். 0, 10, 20, 30, 60, 120, 180, 240 வினாடிகளில் மின்னழுத்தம் அளந்திருக்கிறீர்கள். அழகாக அளந்திருக்கிறீர்கள். ஆனால் வரைபடத்தில் 30 வினாடிக்கு அப்புறம் கோடு சட்டென்று உடைந்து கீழே விழுகிறது. உங்கள் மின்தேக்கியில் கோளாறு ஒன்றுமில்லை. எக்செலில் நீங்கள் தேர்ந்தெடுத்தது லைன் சார்ட். அது நீங்கள் கொடுத்த வினாடிகளை எண்களாகப் பார்க்காமல் வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்துவிடும். 20-க்கும் 30-க்கும் நடுவே எவ்வளவு இடமோ அதே இடம்தான் 60-க்கும் 120-க்கும் நடுவே. ஸ்கேட்டர் என்ற வகைக்கு மாற்றிப் பாருங்கள், வளைகோடு வழுவழுப்பாக இறங்கும். ஆய்வகத்தில் 31 வருடம் ரெக்கார்டு நோட்டுத் திருத்தியவன் நான். மாணவர்கள் கணினிக்கு மாறிய பிறகு அதிகம் கண்ட தவறு இதுதான்.

அடுத்தது டிரெண்ட்லைன், அதாவது புள்ளிகளுக்கு நடுவே பொருத்தும் கோடு. எக்செலில் அடுக்குக்குறி டிரெண்ட்லைன் போட்டால், அது உள்ளுக்குள்ளே மின்னழுத்தத்துக்கு மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்துகிறது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே மரியாதை. ஆனால் உங்கள் மல்டிமீட்டர் 20 வோல்ட் வரம்பில் 0.01 வோல்ட் வரைதான் காட்டும். 12 வோல்ட் இருக்கும்போது அந்த 0.01 ஒரு பொருட்டே இல்லை. 240-ஆம் வினாடியில் நீங்கள் படித்தது 0.07. அங்கே கடைசி இலக்கம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஏழில் ஒரு பங்கு மாறிவிடும். அந்தத் தள்ளாடும் புள்ளிக்கும் முதல் புள்ளிக்கும் சம ஓட்டுரிமை கொடுத்தால், மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சொல்லும் கால மாறிலி எப்படிச் சரியாக வரும்?

இதற்குத்தான் லேப்ளாட் வேண்டும் என்கிறேன். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் இலவசமாகத் தரும் வரைபட மென்பொருள், விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். நேரம், மின்னழுத்தம், பிழை என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். பிழை நெடுவரிசையில் எல்லா வரியிலும் 0.01. பிறகு வளைகோடு பொருத்தும்போது அந்தப் பிழையை எடையாகக் கொடுங்கள். மடக்கை எடுக்காமல் நேரடியாகவே பொருத்தும், அதனால் அந்தத் தள்ளாடும் கடைசிப் புள்ளி கோட்டை இழுக்காது. கால மாறிலி இவ்வளவு, கூட்டல் கழித்தல் இவ்வளவு என்று எடுத்துத் தரும். எச்சங்களையும், அதாவது அளந்த மதிப்புக்கும் பொருத்திய கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களையும், வரைந்து காட்டும். அதைக் கட்டாயம் பாருங்கள். புள்ளிகள் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் தாறுமாறாகச் சிதறியிருந்தால் நல்லது. வரிசையாக வளைந்து போனால் உங்கள் சமன்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

மின்தடையை மின்தேக்குத்திறனால் பெருக்கினால் கால மாறிலி, கணக்குப்படி 47 வினாடி வர வேண்டும். 43 வந்தாலும் 52 வந்தாலும் பயந்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் மின்பகு மின்தேக்கியில் எழுதியிருக்கும் மதிப்பே 20 சதவீதம் முன்பின்னாக இருக்கலாம். மென்பொருள் ஆறு தசம இடம் காட்டுகிறதே என்று அத்தனையையும் அறிக்கையில் எழுத வேண்டாம்.

இன்னொரு விஷயம், இது நான் பட்டது. எங்கள் துறையில் ஒரு மென்பொருளை விலை கொடுத்து வாங்கினோம். கணினியின் பின்னால் ஒரு பூட்டுக்கட்டை செருகினால்தான் அது திறக்கும். அந்தக் கணினி ஒருநாள் செத்துப்போனது. புதிதாக வந்ததில் கட்டையைச் செருகும் துளையே இல்லை. ஆறு வருட அளவீடுகள் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்புகளுக்குள் மாட்டிக்கொண்டன. ரெக்கார்டு நோட்டுகள் இருந்ததால் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தோம். நோட்டில் ஏறாதவை போனது போனதுதான். ஆகவே எந்த மென்பொருள் எடுத்தாலும் மூல அளவீட்டைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது எண்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, தனியே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நோட்பேடிலேயே திறக்கலாம்.

பின்னாளில் ஒரே மாதிரி நாற்பது கோப்புகள் சேரும்போது சுட்டியைச் சொடுக்கிச் சொடுக்கிக் கை வலிக்கும். அப்போது பைத்தான் நிரல்மொழியும், அதில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் 4 ஜிபி அதற்குத் தாங்கும். வரைபடத்தை அறிக்கையில் ஒட்டும்போது ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது.

கேள்வி: 240 குடும்பங்களில் குழந்தைகளின் உணவுப் பழக்கம் பற்றிக் கணக்கெடுத்திருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இல்லாமல் ஆய்வேடு முடிக்க முடியுமா?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஜமோவி போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி. உங்கள் நெறியாளர் எஸ்பிஎஸ்எஸ் கோப்பு கொடுத்தால் அதையும் திறக்கும். கை-வர்க்கச் சோதனை, டி சோதனை, தொடர்புப் போக்கு எல்லாம் பட்டியலிலேயே இருக்கின்றன.

விவரங்களை எக்செலில் உள்ளிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வயதுப் பிரிவில் 5-9 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பெயர்களையே அது தேதியாக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் 2020-இல் பெயர் வைக்கும் குழுவினர் சில மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். ஆகவே அந்த நெடுவரிசையைத் தட்டச்சு செய்யும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். முன்பே உள்ளிட்டிருந்தால், இன்றைக்கே அந்த நெடுவரிசையை மட்டும் காகிதப் படிவங்களோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.