வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் ஒற்றைக் காவலரால் என்ன பாதுகாப்பு கிடைத்துவிடப் போகிறது?

"கையில் லத்தியோடு பாதி நேரம் நிழலில் ஒதுங்கி நிற்கும் ஒரே ஒரு காவலரை நம்பித்தான் ஆயிரம் பேர் வாக்களிக்கும் சாவடியை விடுகிறார்கள். கலவரம் வந்தால் அவர் என்ன செய்வார்? தேர்தல் பாதுகாப்பு என்பதே கண்துடைப்புதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரத்தில், பெரிய தகராறு எதையும் பார்த்திராத ஒரு சாவடியில் வாக்களித்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நிழலில் பல தேர்தல்களுக்கு நின்றவன் நான். தலைமைக் காவலராகவும் பிறகு சிறப்பு உதவி ஆய்வாளராகவும் தென்மாவட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். கலவரத்தை அடக்குவதற்காக அவர் அங்கே நிறுத்தப்படவில்லை. வரிசையை ஒழுங்குபடுத்துவது, சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் வாக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்வது, சந்தேகமாக எதையேனும் கண்டால் உடனே தகவல் சொல்வது, இவைதான் அவருடைய வேலை. வாக்குச்சாவடி அறைக்குள் அவர் தாமாக நுழையவும் கூடாது. தலைமை அலுவலர் அழைத்தால்தான் உள்ளே போகலாம். பத்துப் பன்னிரண்டு சாவடிகளுக்கு ஒரு மண்டல அலுவலரும், அவரோடு ஆயுதம் தாங்கிய காவலர்கள் செல்லும் வண்டியும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நாங்கள் மொபைல் பார்ட்டி என்போம். அதற்கும் மேலே, காவல் நிலைய அளவிலும் உட்கோட்ட அளவிலும் ஸ்டிரைக்கிங் ஃபோர்ஸ் என்று ஓர் அணி, எங்கே கூப்பிட்டாலும் ஓடுவதற்குத் தயாராக இருக்கும். நீங்கள் பார்த்த காவலர் இந்த வலையின் ஒரு முடிச்சு மட்டுமே.

வாசலில் துப்பாக்கிகளைக் குவித்துவிட்டால் பாதுகாப்பு கூடிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2021 ஏப்ரல் 10 அன்று மேற்கு வங்கத்தின் சீதல்குச்சியில் வாக்குப்பதிவின்போது மத்தியப் படையினர் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாக்களிக்க வந்த கூட்டத்துக்கு அருகே துப்பாக்கி வெடிக்கும் நிலை வந்துவிட்டாலே அந்தச் சாவடியில் பாதுகாப்பு ஏற்பாடு தோற்றுவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

உண்மையான வேலை வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது, நிலுவையில் உள்ள பிடியாணைகளை நிறைவேற்றுவது, பழைய குற்றவாளிகளுக்கான சரித்திரப் பதிவேட்டில் உள்ளவர்களை அழைத்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது, சோதனைச் சாவடி போடுவது, பதற்றமான சாவடிகளைப் பட்டியலிடுவது என்று அது நீளும். பிணை வாங்கும் பிரிவுகளை நாங்கள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி 107, 110 என்றே சொல்லிப் பழகியவர்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அவை 126, 129 ஆகிவிட்டன. இந்த வேலைகளில் வெளியே யாருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. சொந்த மாவட்டத்தில் இருக்கும் அதிகாரிகளையும், நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளை ஒரே மாவட்டத்தில் கழித்தவர்களையும் தேர்தலுக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாக, மிக முக்கியமான அந்த இரண்டு மாதங்களில் காவல் நிலையத்தின் ஆய்வாளர் ஊருக்குப் புதியவராக இருப்பார். எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, எந்தக் கோயில் கொடைத் திருவிழா பாதியில் நின்றது என்பதெல்லாம் நிலையத்தில் உள்ள ஏட்டுகளுக்கும் ஊர்த் தகவல்களைத் திரட்டும் தனிப்பிரிவுக் காவலருக்கும்தான் தெரிந்திருக்கும்.

2011 சட்டமன்றத் தேர்தலின்போது நான் அப்படிப்பட்ட தனிப்பிரிவு ஏட்டாக இருந்தேன். எங்கள் எல்லையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இன்றும் அதே மனிதர்கள்தான் வாழ்கிறார்கள். காவல் நிலையப் பட்டியலில் அந்த ஊர்ச் சாவடி சாதாரணமானது, ஏனென்றால் அங்கே தேர்தல் வழக்கு எதுவும் பதிவானதில்லை, மறுவாக்குப்பதிவு நடந்ததில்லை, புகார்கூட வந்ததில்லை. ஆனால் வட்டாட்சியர் அலுவலகப் பட்டியலில் அதே சாவடி பதற்றமானது. 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவாகி, அதில் 75 சதவீதத்துக்கு மேல் ஒரே வேட்பாளருக்கு விழுந்திருந்தால் அந்தச் சாவடியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் அளவுகோல்களில் ஒன்று. முந்தைய தேர்தல்களின் சாவடிவாரி முடிவுகள் அடங்கிய படிவம் 20-ஐப் புரட்டிப் பார்த்தபோது அந்தச் சாவடி இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டியிருந்தது. 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் தொடங்கி, யார் யார் மிரட்டலுக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று குடியிருப்பு வாரியாகக் கணக்கெடுக்கும் முறையை ஆணையம் கொண்டுவந்திருந்தது. அந்தக் கணக்கெடுப்புக்காக ஊருக்குள் போனேன்.

சாவடி இருந்த பள்ளிக்கூடம் வடக்குத் தெருவில். தெற்குத் தெருக்காரர்கள் அங்கே போக வேண்டுமானால் மந்தையை, அதாவது ஊர்ப் பொதுத் திடலை, கடந்துதான் போக வேண்டும். தெற்குத் தெருவில் ஒரு வயதான அம்மாவிடம், "போன தேர்தலில் எத்தனை மணிக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைக்காமலே, "நாங்க எங்க ஏட்டய்யா போனோம், ஓட்டு மட்டும் போயிருச்சு" என்றார். மேற்கொண்டு கேட்டபோதுதான் மந்தையில் உள்ள அரசமரத்து மேடையின் கதை வெளியே வந்தது. வாக்குப்பதிவு நாளில் விடிந்ததிலிருந்து அந்த மேடையில் வடக்குத் தெரு இளைஞர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் அடிப்பதில்லை, கல்லெறிவதில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்த வெயில்ல எதுக்குக் கிளம்பி வந்தீக, வீட்டுக்குப் போங்க" என்பார்கள். அவர்களும் திரும்பிவிடுவார்கள். பதினொரு மணிக்குள் எல்லாருடைய வாக்கும் பதிவாகிவிடும்.

அந்த மேடை பள்ளிக்கூடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாது. சுண்ணாம்புப் பொடியால் போடும் நூறு மீட்டர்க் கோட்டுக்கு வெளியே, ஊர்ப் பொது இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவதை எந்தப் பிரிவில் தடுப்பது? வாக்காளரை மிரட்டுவது குற்றம்தான். ஆனால் மிரட்டல் என்று எழுதுவதற்கு ஒரு வாக்குமூலம் வேண்டும், வாக்குமூலம் கொடுப்பவர் மறுநாள் காலையில் அதே மந்தையைக் கடந்துதான் தண்ணீருக்குப் போக வேண்டும். வாசலில் பத்துக் காவலரை நிறுத்தியிருந்தாலும் இந்தத் தடுப்பு அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிணை வாங்க வேண்டியவர்கள் என்று நிலையத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் தயாராக இருந்தது. முந்தைய தேர்தலின் பட்டியலை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் இறந்து போயிருந்தார்கள், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் உட்காருபவர்களில் ஒருவர் பெயரும் இல்லை, ஏனென்றால் அவர்கள் மேல் வழக்கே கிடையாது. எண்ணிக்கை காட்டுவதற்காகப் பிணை வாங்கும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். பழைய வழக்கு ஒன்றுக்காகத் தேர்தல்தோறும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்துக் கிடக்கும் மனிதர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புதிய ஆய்வாளர் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். சரியான பெயர்களை எழுதிக் கோட்டாட்சியர் முன் நிறுத்திப் பிணை எழுதி வாங்கினோம். மண்டல அலுவலரோடு பேசி அந்தச் சாவடிக்கு மத்தியப் படையும் வீடியோ ஒளிப்பதிவும் சாவடிக்குள் இருந்தே நடப்பதைக் கவனிக்கும் நுண் பார்வையாளரும் கேட்டுப் பெற்றோம்.

ஏப்ரல் 13 காலை ஆறு மணிக்கே மத்தியப் படை வீரர்களில் இரண்டு பேரை அரசமரத்து மேடையில் உட்கார வைத்துவிட்டோம். அவர்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஊரில் மாமன் மச்சான் யாரும் கிடையாது, யாருடைய சிபாரிசும் அவர்களிடம் செல்லாது. யார் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியாதது குறைதான். அதற்காகத்தான் உள்ளூர்க் காவலர் ஒருவர் பக்கத்தில் நின்றார். இளைஞர்கள் வந்து பார்த்தார்கள், பெட்டிக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார்கள், கலைந்துவிட்டார்கள். எட்டு மணிக்குமேல் தெற்குத் தெருப் பெண்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து வந்தார்கள்; முறத்தோடு பேசிய அந்த அம்மா சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நடுவில் வந்தார். மாலையில் கணக்குப் பார்த்தபோது அந்தச் சாவடியின் வாக்குப்பதிவு சதவீதம் முந்தைய தேர்தலைவிடக் குறைந்திருந்தது. "ஏன் இங்கே மட்டும் குறைந்தது, ஏதும் பிரச்சினையா?" என்று மேலிருந்து ஒரு விசாரணை வேறு வந்தது. அவரவர் வாக்கை அவரவரே போட்டால் அவ்வளவுதான் வரும் என்று எழுதிக் கொடுக்க அலுவல் கடிதத்தில் இடமில்லை.

இதைப் படித்துவிட்டு, "காவல்துறைக்காரர் தன் துறையைத் தூக்கிப் பிடிக்கிறார், வீட்டுக்கு வீடு பணம் கொடுத்தபோது எங்கே போனீர்கள்?" என்று கருத்துப் பகுதியில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பணத்தை எங்களால் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே தள்ளிவைக்கவோ ரத்து செய்யவோ வேண்டி வந்தது. பறக்கும் படையிடம் சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரி சிக்கிக்கொள்வதும் கண்டெய்னர் அளவில் பணத்தை நகர்த்துபவர்கள் சிக்காததும் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் நீங்கள் கேட்டது உயிருக்கும் வாக்குக்கும் உள்ள பாதுகாப்பைப் பற்றி; அதைத்தான் நான் பேசுகிறேன்.

உயிர் என்று வந்தால், தமிழ்நாட்டில் மிகப் பெரிய இழப்புகள் வாக்குச்சாவடியில் நிகழவில்லை, பிரசாரக் களத்தில்தான் நிகழ்ந்தன. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் மாலை போட வந்தவர்களோடு மனித வெடிகுண்டும் சேர்ந்து நின்றது. இராஜீவ் காந்தியோடு உயிரிழந்தவர்களில் பணியில் இருந்த காவல்துறையினரும் உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று எல்.கே. அத்வானியின் பிரசாரக் கூட்டம் நடக்கவிருந்த கோவையில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இன்றைக்குப் பொதுக்கூட்ட மேடைக்கு முன் தடுப்புக் கட்டி இடம் காலியாக விடுவதையும், மாலை போடுபவர்களின் பட்டியலை முன்கூட்டியே கேட்பதையும் "காவல்துறையின் கெடுபிடி" என்று சலித்துக்கொள்ளும் கட்சிக்காரர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைக் காவலர் முந்தைய நாளே வந்து, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் தரையில் கொசுக்கடியில் படுத்து எழுந்தவர். பெண் காவலராக இருந்தால், கதவு இல்லாத கழிப்பறையை நினைத்துத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். ஆயிரம் பேர் வாக்களிக்கக் காவல் நிற்கும் அவருடைய தபால் வாக்கு ஒழுங்காகக் கைக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தேர்தலில் எனக்கு விண்ணப்பம் கொடுத்தும் வாக்குச்சீட்டு வரவேயில்லை. தூக்கமில்லாத காவலரும் பாதுகாப்பில் ஓர் ஓட்டைதான் என்பதை ஏற்பாடு செய்பவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வாக்குப்பதிவு முடிந்ததும் கவனம் முழுவதும் இயந்திரங்களின் பக்கம் திரும்பிவிடும். 2011-இல் எண்ணிக்கைக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். 2024-இல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை. முத்திரையிட்ட அறையின் வாசலில் மத்தியப் படை, அடுத்து ஆயுதப்படை, வெளியே உள்ளூர்க் காவலர் என்று மூன்று அடுக்கு, கேமரா, உள்ளே போகிறவர்களை எழுதும் பதிவேடு என்று எல்லாம் இருக்கும். 2019-இல் மதுரையில் ஆவணங்கள் இருந்த அறைக்குள் ஓர் அதிகாரி நுழைந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு அந்தப் பதிவேட்டின் மேல் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. இயந்திரத்துக்கு இவ்வளவு காவல் இருக்கிறது, வாக்களித்த மனிதர்களுக்கு இல்லை. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த மதுரை மாவட்ட மேலவளவு ஊராட்சியில் 1996 இறுதியில் பலத்த காவலோடு தேர்தலை நடத்தி முடித்தார்கள். தலைவராக வென்ற முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இடையில் ஆறு மாதம்.

எங்கள் கிராமத்திலும் முடிவு வந்த மறுவாரமே காவலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்டதற்கு, வேறொரு பந்தோபஸ்துக்கு ஆள் போதவில்லை என்று பதில் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலையில் தெற்குத் தெருவுக்குப் போகும் குடிநீர்க் குழாயை இரண்டு இடத்தில் உடைத்துப் போட்டிருந்தார்கள். வழக்குப் பதிவானது, பொதுச் சொத்துச் சேத வழக்காக. தேர்தல் குற்றங்கள் என்ற தலைப்பில் தேடுபவருக்கு அந்த வழக்கு கிடைக்காது; அந்த ஊர் மறுபடியும் சாதாரணப் பட்டியலுக்குத்தான் போகும். அதனால் மாறுதலில் போகும்போது, குழாய் உடைந்த தேதியையும் அரசமரத்து மேடையையும் ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்து வந்த தனிப்பிரிவுக் காவலரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.